விளையாட்டாகப் போட்ட கணக்கு... நோபல் வரை போன ஃபெயின்மன்!

வகுப்பில் வாய் ஓயாத பையன். இயற்பியல் ஆசிரியர் பேடர் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. தடிமனான கணிதப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அதைக் கரைத்துக் குடிக்கும்வரை பேசக்கூடாது. அவ்வளவுதான்!

1918-ல் நியூயார்க்கில் பிறந்த ரிச்சர்ட் ஃபெயின்மன்தான் அந்தப் பையன். தொகையீட்டுக் குறிக்குள் புகுந்து வகையிடும் வித்தையை அந்தப் புத்தகத்தில்தான் பிடித்தார். மற்றவர்கள் திணறிய கணக்குகளைப் பின்னாளில் அதைவைத்தே முடித்தார்.

காதலி ஆர்லீனுக்குக் காசநோய் என்று தெரிந்தும் 1942-ல் திருமணம் செய்துகொண்டார். லாஸ் அலமோஸில் அணுகுண்டு வேலை. வார இறுதியில் யாரிடமாவது லிஃப்ட் கேட்டு அல்புகர்க்கி மருத்துவமனைக்கு ஓட்டம். 1945 ஜூனில் ஆர்லீன் இறந்துபோனார்.

அதன்பின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை. ஆனால், ஆராய்ச்சி ஓடவே இல்லை. சரக்கு தீர்ந்துபோச்சு என்றே நினைத்தார். இனி பிடித்ததை மட்டும் விளையாட்டாகச் செய்வோம் என்று முடிவெடுத்தார். ஒருநாள் கேன்டீனில் யாரோ தூக்கிப்போட்ட தட்டு ஆடிக்கொண்டே சுழன்றது. ஏன் அப்படி ஆடுகிறது? சும்மா கணக்குப் போட்டார். அங்கிருந்து மனம் எலெக்ட்ரான் பக்கம் திரும்பியது.

எலெக்ட்ரானும் ஒளியும் மோதும் கணக்கை அதுவரை பெரும்பாலும் காலம் வேறு, இடம் வேறு எனப் பிரித்துத்தான் எழுதினார்கள். பக்கம் பக்கமாக நீளும். கணக்கு எழுதும் இப்படியான முறைக்கு கேஜ் என்று பெயர். முறை மாறலாம், விடை மாறக்கூடாது. ஃபெயின்மன் காலத்தையும் இடத்தையும் சேர்த்தே எழுதினார். நீண்ட சூத்திரங்களுக்குப் பதில் கோட்டுப்படங்கள் வந்தன. கீழே வரும் பல பகுதிகளை ஒன்றாக ஒட்டிவிடும் உத்தியும் சேர்ந்தது.

1948-ல் போகோனோ கூட்டத்தில் இதை விளக்கியபோது போர் உள்ளிட்ட ஜாம்பவான்கள் ஏற்கவில்லை. மறுவருடம் வேறொரு கூட்டம். ஒரு ஆய்வாளர் ஆறு மாதம் உழைத்த கணக்கை, இன்னும் பொதுவான வடிவில், ஒரே மாலையில் போட்டுக் காட்டினார். தன் முறை வேலை செய்கிறது என்ற நம்பிக்கை அப்போதுதான் அவருக்கே வந்தது! 1965-ல் ஷ்விங்கர், டோமோனாகாவுடன் நோபல்.

1988-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. காலத்தையோ ஒரு திசையையோ தனியே பிரிக்கும் கேஜ்களில் தொகையீடுகள் இன்றும் முரண்டு பிடிக்கும். புதுப்புது உத்திகள் தேவைப்படும். அங்கேயும் பலர் முதலில் கையிலெடுப்பது, ஃபெயின்மனின் அந்த ஒட்டுவேலையைத்தான்.