அலமாரிப் பூட்டைத் திறந்த கணக்கு வாத்தியார்



புத்தகம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது போர்டு எக்ஸாம், அரியர், வைவா இந்த மூன்றும்தான். மார்க்குக்குச் சம்பந்தமே இல்லாமல், சும்மா ஆசைக்காக ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்து எத்தனை நாளாச்சு? ஆசைப்பட்ட எவர் கையிலும் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பாடுபட்ட ஒரு தமிழரை இங்கே அறிமுகப்படுத்துகிறேன். அவர்தான் எஸ்.ஆர். ரங்கநாதன்.

1892-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே அப்பா தவறிவிட்டார். போதாததற்குப் பேசும்போது வாய் திக்கும். அப்படியும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் எம்.ஏ. முடித்து, மங்களூர், கோயம்புத்தூர், கடைசியில் சென்னை மாநிலக் கல்லூரி என்று வாத்தியார் வேலை பார்த்தார். செமினார் என்றாலே கடைசி பெஞ்சில் ஒளிகிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்!

1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். ஆனால் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. பேசப் பிள்ளைகள் இல்லை, செய்ய வேலை இல்லை. மறுபடியும் பாடம் நடத்தவே வந்துவிடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். முதலில் லண்டன் போய்ப் பயிற்சி எடுத்து வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தேற்றி அனுப்பினார்.

லண்டனில்தான் மனசு மாறியது. அங்கே பொது நூலகங்களில் சின்னப் பிள்ளைகள், வீட்டுப் பெண்கள், தொழிலாளிகள் எல்லோரும் உரிமையோடு வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். ஒரு நாள் ஒரு கடையில் மெக்கானோ என்ற பொம்மை செட்டைப் பார்த்தார். அதே பட்டை, போல்ட், நட்டுகளை மாற்றி மாற்றி மாட்டினால் வேறு வேறு பொம்மை கிடைக்கும். புத்தகங்களின் பொருளையும் இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துச் சேர்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு அதுதான் விதை. மெக்கானிக்கல் நண்பர்களே, காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள்!

1925-இல் திரும்பி வந்தவர் கல்லூரிப் பக்கம் போகவில்லை. பூட்டிய அலமாரியில் புத்தகத்தைக் காவல் காப்பது நூலகர் வேலையல்ல என்று, வாசகர்களையே அலமாரி வரைக்கும் விட்டார். 1931-இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக எழுதினார். அதன் சாரத்தை நம்ம பாஷையில் சொன்னால், புத்தகம் தூசி படிவதற்கு அல்ல, புழங்குவதற்கு. யாருக்கும் அவரவர்க்கு ஏற்ற புத்தகம் ஒன்று இருக்கிறது. அதைத் தேடுகிறவரின் நேரம் வீணாகக் கூடாது.

அதே 1931-இல் மன்னார்குடியில் கனகசபை என்ற இன்ஜினீயர் மாட்டு வண்டியில் நூலகம் கட்டிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அதற்குத் தூண்டுகோல் ரங்கநாதன்தான்.

அவருடைய பல வருட முயற்சியால் 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இது. இதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. நம்ம அப்பா அம்மா கட்டுகிற அந்தக் காசில்தான் நம் ஊர்க் கிளை நூலகம் நடக்கிறது. நாம் அங்கே போகாமல் இருப்பது நம் சொத்தை நாமே வேண்டாம் என்று விடுவதுதான்.

கடைசிக் காலத்தை அவர் கழித்தது ஓசூருக்குப் பக்கத்தில், பெங்களூரில். 1962-இல் அங்கே நூலகத் துறைக்கென ஆய்வு, பயிற்சி மையம் தொடங்கினார். கணக்கு மேல் இருந்த காதலும் போகவில்லை. 1967-இல் கணித மேதை ராமானுஜன் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1972 செப்டம்பர் 27-இல் பெங்களூரிலேயே காலமானார்.

நண்பர்களே, என் வீட்டில் நான்தான் முதலில் படிக்க வந்தவன். காலண்டரைத் தவிர வேறு அச்சுக் காகிதம் இல்லாத வீடு. என் மாதிரி நம்மில் பல பேர் உண்டு. டிப்ளமோ முடிந்ததும் சிப்காட்டில் ஷிப்டுக்குப் போய்விடுவோம். அங்கே நம்மைப் படி என்று சொல்ல ஆள் இருக்காது. பரீட்சைக்குப் பயந்து மட்டும் படித்தவன் கடைசிப் பரீட்சையோடு படிப்பதை நிறுத்திவிடுவான். ஆசைப்பட்டுப் படித்தவன் நைட் ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸிலும் படிப்பான். நம்ம தங்கச்சி, தம்பி அதைப் பார்த்து வளரும்.

ஆசிரியர்களுக்கும் பணிவான வேண்டுகோள். நீங்கள் ரசித்துப் படித்த கதையையோ பயணக் கட்டுரையையோ வகுப்பில் ஐந்து நிமிடம் சொல்லுங்கள் ஐயா. சிலபஸ் ஓடிப்போகாது!

தமிழோ தெலுங்கோ கன்னடமோ, நமக்கு வந்த பாஷையில் மாதம் ஒரு புத்தகம் படிப்போம். ரங்கநாதன் திறந்த அலமாரியை நாமாக மூட வேண்டாம்!