பள்ளிப்படையில் துயிலும் வேந்தன்

நான் பிறந்த புத்தலப்பட்டில் பிரியும் சாலையொன்று திருப்பதி வழியாகத் திருக்காளத்திக்குச் செல்கிறது. அக்காளத்தியின் அருகே சோழப் பெருவேந்தன் ஒருவன் துயில்கிறான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவனே முதலாம் ஆதித்தன்.

தஞ்சையைக் கைக்கொண்ட விசயாலயனின் மைந்தன் அவன். கி.பி. 871-ல் அவன் அரியணை ஏறியபோது சோழநாடு சிறியது, பல்லவர்க்கு அடங்கியது. திருப்புறம்பியப் போரில் பல்லவன் அபராசிதனுக்குத் துணைநின்றான். பின்னர் அந்த அபராசிதனையே களத்தில் வீழ்த்தித் தொண்டைநாட்டைத் தனதாக்கினான். காவிரியின் இருகரையிலும் சிவாலயங்கள் எடுத்தான். 907-ல் தொண்டைமானாற்றூரில் மறைந்தான். மகன் முதலாம் பராந்தகன் அங்கே தந்தைக்குப் பள்ளிப்படைக் கோயில் எழுப்பி, ஆதித்தேச்சரம் எனப் பெயரிட்டான். அவ்வூரில் துஞ்சிய தேவன் இவனே என அறிஞர் தெளிந்தது அக்கோயிற் கல்வெட்டைக் கொண்டே.

இங்கிலாந்தையும் எண்ணிப் பாருங்கள். 1485-ல் போரில் மாண்ட மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் கல்லறை இருந்த இடமே மறைந்துபோயிற்று. 2012-ல் லெஸ்டர் நகரில் வண்டிகள் நிறுத்துமிடத்தின் கீழே எலும்புகள் கிடைத்தன. அவன் தமக்கை வழிவந்தோரின் மரபணுவோடு ஒப்பிட்டு, அவை அவனுடையவே எனத் துணிந்தனர். 2015-ல் பேராலயத்தில் மீண்டும் அடக்கம் செய்தனர்.

நம் ஆதித்தனைக் காட்டியது எலும்பன்று, எழுத்து, தமிழெழுத்து! அந்நிலம் இன்று ஆந்திரத்தில் உள்ளது; தெலுங்கு பேசும் உடன்பிறந்தோர்க்கும் அது உரியதே. ஆயினும் அக்கல்லைப் படிக்கும் கடமை நமக்கே முதலில் உண்டு. தமிழ் மாணவன் தன் எழுத்தை மறந்தால், கல் இருந்தும் வேந்தன் பெயரற்றவனாவான். கல்வெட்டெழுத்துப் பயில்வோம், வாரீர்!