நம் கல்லூரியின் அதிபர் விபுலாநந்த அடிகள்

ஈழநாட்டின் கீழ்க்கரையிலே, கோணமாமலையின் அடியிலே, கடல் நிலத்தினுள் புகுந்து அகன்ற துறையாய் விரிந்து கிடக்கின்றது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என மேலைநாட்டார் பலரும் இத்துறையை விரும்பி வந்தனர். வந்தவர் பெயர்களைக் கோட்டை மதில்களிலும் கல்லறைகளிலும் இன்றும் காணலாம். இந்நகரத்துப் பிள்ளைகளின் உள்ளத்திலே தம் பெயரைப் பொறித்துச் சென்றோரோ மிகச் சிலர். அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் விபுலாநந்த அடிகள்.

அடிகளாரின் வரலாற்றை எழுதியோர் பலர். காரைதீவிற் பிறந்தார், மயிலாப்பூரில் துறவு பூண்டார், அண்ணாமலை நகரிற் பேராசிரியரானார், யாழ்நூல் இயற்றினார். இந்நான்கு படிகளில் அவ்வரலாறு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றது. துறவுக்கும் பேராசிரியப் பதவிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை ஓரிரு வரிகளிற் கூறிக் கடந்து செல்வதே வழக்கம். அவ்வாண்டுகளின் முற்பகுதியே நம் கல்லூரிக்கு உரியது. ஆதலின் பிறர் விரைந்து கடந்த இடத்திலே நாம் சற்று நின்று நோக்குதல் முறையாகும். நாம் அவரைக் கண்ணாற் கண்டவர் அல்லேம். அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின் பிறந்து, ஆசிரியத் தொழிலுக்கு வந்தவர்களேம். எனினும், ஒரே தொழிலைச் செய்வோர் என்ற உறவு நமக்கு உண்டு.

1892 மார்ச் 27-ஆம் நாள், மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவிலே, சாமித்தம்பி, கண்ணம்மை என்போருக்கு மகனாய்ப் பிறந்தவர் அவர். பிள்ளைப் பெயர் மயில்வாகனன். வயலும் கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர் அது. கண்ணகி வழக்குரையும் ஊஞ்சற் பாட்டும் ஏட்டிலும் நாவிலும் வாழ்ந்த மண் அது. பிற்காலத்திலே சிலப்பதிகாரத்தைத் தம் ஆராய்ச்சிக்கு நிலைக்களமாகக் கொண்டவர், அக்காவியத்தின் தலைவியைத் தெய்வமாகப் போற்றும் ஊரிற் பிறந்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். மிக்கேல் கல்லூரியிலே இயேசு சபைத் துறவியாகிய பொனெல் அடிகளாரிடம் கணிதம் பயின்றார். 1908-ஆம் ஆண்டிலே, பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சிரேஷ்ட பரீட்சையிற் சித்தியெய்தினார். சைவப் பிள்ளையொருவர் ஆங்கிலக் கல்வி பெற வேண்டுமாயின் கிறிஸ்தவப் பாடசாலையின் படி ஏறியே தீரவேண்டிய காலம் அது. அங்குக் கற்றதற்காக அவர் நாணியதுமில்லை, கற்பித்தவரைப் பழித்ததுமில்லை. பிறர் நன்கு நடத்திய பாடசாலையைக் கண்டவர், தம்மவரும் அவ்வாறு நடத்தல் வேண்டும் என்று எண்ணினார். இவ்வெண்ணமே பின்னாளிலே அவரைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது எனலாம்.

மிக்கேல் கல்லூரியிலே சிறிது காலம் கற்பித்தபின், கொழும்பு ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து 1912-இற் பயிற்றப்பட்ட ஆசிரியராய் வெளிவந்தார். நம்போன்ற பயிற்றப்பட்ட ஆசிரியர்க்கு இச்செய்தி தனி உவகை தருவது. துறவி, பண்டிதர், பேராசிரியர் என்னும் சிறப்புகள் எல்லாம் பின் வந்தவை. அவர் முதன்முதற் பெற்ற தொழிற்றகுதி, கரும்பலகைக்கு முன் நிற்பதற்குரிய சான்றிதழே.

கொழும்பில் இருந்த காலத்திலே தென்கோவைக் கந்தையாபிள்ளை முதலியோரிடம் தமிழிலக்கியம் பாடங் கேட்டார். 1916-ஆம் ஆண்டு இரு பெரும் பேறுகளை ஒருங்கே அளித்தது. அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞானச் சான்றிதழையும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டத்தையும் அவ்வோராண்டிலேயே பெற்றார். ஈழத்திலிருந்து அப்பண்டிதப் பரீட்சையில் முதன்முதல் தேறியவர் அவரே. பின்னர்த் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனமும், யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானமும் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, 1920-இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் 1921-இல் தோன்றியபோது அதற்கு உழைத்தவருள்ளும் ஒருவரானார். பிரவேச, பால, பண்டித பரீட்சைகளை ஈழத்திலேயே நடத்திய சங்கம் அது.

முப்பது வயதிலே பட்டம், பதவி, புகழ் யாவும் கைவந்த நிலையில், 1922-இல் அவற்றை விட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரமசரிய தீட்சையிலே பிரபோத சைதன்யர் என்னும் பெயர் கிடைத்தது. இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ் இதழையும், வேதாந்த கேசரி என்னும் ஆங்கில இதழையும் நடத்தும் பணி அவரிடம் வந்தது. 1924-ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று, பரமஹம்சரின் நேர்ச் சீடராகிய சிவானந்த சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார்.

பள்ளிக்கூடத்தைத் துறந்து சென்றவரை மடம் மீண்டும் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பியது. நம் கல்லூரி 1897-ஆம் ஆண்டிலே தொடங்கியது. இராமகிருஷ்ண மிஷனும் அதே ஆண்டிலே தோன்றியது. விவேகாநந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தங்கிப் பேசியதும் அவ்வாண்டே. ஒரே ஆண்டிற் பிறந்த இரண்டும் 1925-இல் ஒன்று சேர்ந்தன. ஊர்ப் பெரியோர் தம் கைப்பொருளாலும் உழைப்பாலும் தாங்கி வந்த பாடசாலையை மிஷன் ஏற்றது. அதனை நடத்தும் பொறுப்பு அடிகளாரிடம் வந்தது. முகாமையாளரும் அவரே, அதிபரும் அவரே.

இவ்விரு சொற்களின் பாரத்தை இன்றுள்ள மாணவர் அறியார். அரசாங்கம் சம்பளம் தரும் பாடசாலை அல்ல அன்றையது. உதவி நன்கொடை பெறும் பாடசாலை. வித்தியாதரிசி வந்து பார்த்து, இடாப்பைப் புரட்டி, பிள்ளைகளை வினவி, மனநிறைவு கொண்டால் நன்கொடை வரும். வரவு குறைந்தால் நன்கொடையும் குறையும். நன்கொடைக்கும் செலவுக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்புவது முகாமையாளர் தலைமேல் விழுந்த வேலை. ஆசிரியரை நியமித்தல், மாதம் முடிந்ததும் சம்பளத்துக்கு வழி தேடுதல், கூரையையும் வாங்கையும் பழுது பார்த்தல், கட்டணம் கட்ட இயலாத பிள்ளையை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று தீர்மானித்தல் ஆகிய யாவும் ஒருவர் கையில் இருந்தன.

அத்தகைய சிறிய கல்லூரியொன்றின் நாள் எவ்வாறு கழியும் என்பதை ஆசிரியராயினோர் அறிவர். காலை மணி அடிக்கும். திருநீறணிந்த பிள்ளைகள் வரிசையாய் நின்று தேவாரம் ஓதுவர். இடாப்புக் கூப்பிட்டு முடியுமுன் வராத ஆசிரியரின் வகுப்புக்கு வேறொருவரை அனுப்ப வேண்டும். பிந்தி வந்தவனை விசாரித்தால், தந்தை வலையிழுக்கப் போனார், தாய்க்குக் காய்ச்சல் என்ற விடை வரும். நண்பகலில் உணவின்றித் திண்ணையில் இருக்கும் பிள்ளையைக் காண நேரும். வெள்ளிக்கிழமைப் பூசை, நவராத்திரி, குருபூசை, பரிசளிப்பு விழா, பரீட்சை ஆகியவை ஆண்டைப் பங்கிட்டுக் கொள்ளும். இவற்றுள் எதுவும் பெரிய நிகழ்ச்சி அன்று. எதுவும் தவறிவிடலாகாது என்பதே அவற்றின் பெருமை.

இந்நகரின் இயல்பையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். துறைமுகத்திலே ஆங்கிலேயரின் கடற்படை. கோட்டைக்குள்ளே அவர்தம் ஆட்சி. கோணேசர் கோயில் பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டபின் மலையிலே மீள எழாதிருந்தது. அடியார்கள் மலைமுனையில் நின்று கடலை நோக்கிப் பூவும் கர்ப்பூரமும் இட்டு வழிபட்டனர். புகைவண்டி அப்பத்தாண்டின் பிற்பகுதியிலேதான் இங்கு வந்து சேர்ந்தது. ஒருபுறம் மீனவர் குடியிருப்புகள். மறுபுறம் தம்பலகாமம், கொட்டியாரம் முதலிய வயலூர்கள். ஞானசம்பந்தராற் பாடப்பெற்ற தலத்திலே கோயில் இல்லை. பிள்ளைகட்குத் தம்முடைய மொழியும் சமயமும் விஞ்ஞானமும் ஒருங்கே கிடைக்கும் இடமாகப் பள்ளிக்கூடமேனும் இருத்தல் வேண்டும். இதனை உணர்ந்தார்க்கே அன்றைய அதிபர் பதவியின் பொருள் விளங்கும்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. இத்துணை ஆற்றல் படைத்த ஒருவர் இடாப்பிலும் கணக்கிலும் தம் நாட்களைச் செலவிட்டது தமிழுக்கு நட்டமன்றோ? இவ்வினாவை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையன்று. யாழ்நூல் அச்சேறி அரங்கேறியது அவர் வாழ்நாளின் கடைசி ஆண்டிலே. எழுத எண்ணி எழுதாது விட்டவை எத்தனை இருக்கும்? பாடசாலை மணி அவரிடமிருந்து கொள்ளை கொண்ட காலம் சிறிதன்று. இதனை நாம் ஒப்புக்கொள்கின்றோம்.

ஆயினும், மறுபக்கமும் உண்டு. சேக்ஸ்பியரின் நாடகங்களைச் சிலப்பதிகாரத்தோடும் வடமொழித் தசரூபகத்தோடும் பொருத்தி ஆராயும் மதங்க சூளாமணி 1926-இல் நூலாக வெளிவந்தது. அதன் ஆசிரியர் அவ்வாண்டிலே பாடசாலை நடத்திக்கொண்டிருந்த துறவி. ஓய்வு கிடைத்தபின் எழுதுவோம் என்று காத்திருந்தவர் அல்லர் அவர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. வகுப்பறையை விட்டு விலகாத கல்வியே அவருடையது. கடினமான பொருளைச் சிறுவனுக்கும் விளங்கும் வண்ணம் பகுத்துக் கூறும் பழக்கம் அவருக்கு நூலாற் கிடைத்ததன்று. கற்பித்துக் கற்பித்துக் கைவந்தது.

திருகோணமலையில் மட்டுமன்றி, யாழ்ப்பாணத்து வைத்தீசுவர வித்தியாலயம், காரைதீவுச் சாரதா வித்தியாலயம் முதலிய மிஷன் பாடசாலைகள் பலவற்றையும் அவர் பார்த்துவந்தார். 1929-இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே, தம் குருவின் பெயரால், சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். தாய் தந்தையற்ற பிள்ளைகட்கு அங்கே இல்லம் அமைந்தது. பிள்ளை பசியோடிருந்தால் பாடம் ஏறாது என்ற எளிய உண்மையை, பயிற்சிக் கலாசாலைப் புத்தகம் கூறாவிடினும், ஆசிரியன் அறிவான். அடிகளார் அறிந்ததோடு நில்லாது செய்தும் காட்டினார்.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அழைக்கப்பெற்றார். அங்கும் நம் அதிபர் மாறிவிடவில்லை. பகலிலே பல்கலைக்கழக மாணவர்க்கு இலக்கியம் கற்பித்தவர், அருகிலுள்ள திருவேட்களத்துத் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகட்கு எழுத்தறிவித்தார். அதே ஆண்டுகளிலே ஈழத்தின் வடபகுதியில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமரலாமோ கூடாதோ என்று பூசல் நடந்துகொண்டிருந்தது. அப்பூசலை நினைந்தபின் திருவேட்களத்தை நினைப்போர்க்கு, ஒரு பேராசிரியர் அங்கு நடந்து சென்ற சிறு தூரம் எவ்வளவு பெரிதென்பது புலனாகும்.

1936-இல் சென்னையிலே கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாகிய கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938-இல் வெளிவந்தது. இரசாயனத்தை ஆங்கிலத்திற் கற்று ஆங்கிலத்திலேயே கற்பித்தவர், அதனைத் தமிழிற் கற்பித்தல் இயலும் என்று நிறுவ உழைத்தார். இன்று நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே மாணவர் தமிழிற் குறிப்பெழுதும்போது அவ்வுழைப்பின் பயனையே நுகர்கின்றனர்.

பின்னர் இமயத்து மாயாவதி ஆசிரமத்திற் சில ஆண்டுகள் தங்கி, பிரபுத்த பாரத என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராய் விளங்கினார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இத்துணை இடமாற்றங்களிடையேயும் கைவிடாது வளர்த்த ஆராய்ச்சியே யாழ்நூல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் கூறும் இசைக் குறிப்புகளைக் கொண்டு, மறைந்துபோன யாழ்க் கருவியின் வடிவையும் நரம்பையும் பண்ணையும் மீட்டெடுக்க முயன்றது அந்நூல். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே ஒலி மேல் நிலையிற் பிறக்கும். மூன்றில் இரண்டாக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். இவ்வாறு எண்ணும் அளவும் கொண்டு பண்டை இசையை அணுகுதற்கு இலக்கியம் மட்டும் கற்றவர் துணியார். பௌதிகம் மட்டும் கற்றவர் வேண்டார். 1916-இல் பெற்ற இரு சான்றிதழ்களும் முப்பதாண்டுகட்குப்பின் ஒரே நூலிற் சேர்ந்து நின்றன.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக, 1947 யூன் 5, 6-ஆம் நாட்களில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. யூலை 19-ஆம் நாள் அடிகளார் கொழும்பில் மறைந்தார். இடையே ஒன்றரை மாதம்கூட இல்லை. அவர் திருமேனி கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டு, தாம் அமைத்த சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. பல்கலைக்கழக வாயிலிலன்று, பள்ளிக்கூட வளவிலே துயில்கின்றார் என்பது அவர் வாழ்வுக்குப் பொருந்திய முடிவே.

அவர் காணாதவை பல. 1950-இல் கிணறு தோண்டியபோது கோணேசர் கோயிலின் பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963-இல் மலைமீது கோயில் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. 1960-61-இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது மிஷன் பாடசாலைகளும் அரசினிடம் சென்றன. முகாமையாளர் என்னும் பதவியே இல்லாதொழிந்தது. போரும் இடப்பெயர்வும் கடற்கோளும் இம்மாவட்டத்தைத் தாக்கிய காலங்களிலும், ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி என்று இன்று வழங்கும் நம் கலைக்கோயில் பிள்ளைகளைத் தாங்கி நின்றது.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கு நாம் விண்ணப்பிப்பது ஒன்று. அடிகளாரின் படத்துக்கு மாலையிடுதல் நன்று. அதனினும் நன்று, அவர் முகாமையாளராய்ச் சுமந்த பாரத்தில் ஒரு பங்கை ஏற்றல். கட்டணம் ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. கூப்பிடும்போது விடை வராத பெயர் இடாப்பில் இன்றும் உண்டு. அப்பெயருக்குரிய பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்ல ஒருவர் முன்வருவாராயின், அவரே இவ்விழாவை முறையாகக் கொண்டாடியவர் ஆவார்.