இன்னொருவர் கொடுத்த உயிர்

ஆகஸ்ட் 14ஆம் நாள் புனித மாக்சிமிலியன் கொல்பேயின் திருநாள். அவுஸ்விற்ஸ் வதைமுகாமிலே வேறொரு கைதிக்குப் பதிலாகத் தம்முயிரை ஈந்த அந்தப் போலந்து நாட்டுக் குருவானவரை நாம் அறிவோம். அவரால் உயிர் பிழைத்த மனிதரைப் பற்றியோ நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. அவர் பெயர் பிரான்சிசெக் கயோவ்னிசெக். சாவின் வாசல்வரை சென்று திரும்பிய அவர், அதன்பின் 53 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்த நீண்ட வாழ்வும் நமக்கு ஒரு பாடமே.

1901ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் போலந்திலே பிறந்த கயோவ்னிசெக், இராணுவத்தில் சேர்ந்து சார்ஜன்ட் ஆனார். மனைவி ஹெலேனா, இரண்டு ஆண்பிள்ளைகள். 1939 செப்ரெம்பரில் ஹிட்லரின் படைகள் போலந்தினுள் புகுந்தபோது தாய்நாட்டுக்காகப் போரிட்டார். தோல்வியின் பின் எல்லையைக் கடந்து தப்ப முயன்று பிடிபட்டார். 1940 ஒக்டோபரில் அவுஸ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே அவருக்குப் பெயர் இல்லை. 5659 என்னும் இலக்கமே இருந்தது.

1941 யூலை மாத இறுதியில் முகாமிலிருந்து ஒரு கைதி காணாமற் போனார். தப்பியவருக்குப் பதிலாகப் பத்துப்பேர் பட்டினியிட்டுக் கொல்லப்படுவர் என அறிவிக்கப்பட்டது. முகாமின் துணைத் தளபதி பிரிட்ஷ் கைதிகளின் வரிசைகளினூடே நடந்து, பத்துப்பேரைத் தெரிந்தெடுத்தான். அவர்களுள் கயோவ்னிசெக்கும் ஒருவர். தம் மனைவியையும் பிள்ளைகளையும் இனிக் காணமாட்டேனே என்று அவர் வாய்விட்டு அலறினார்.

அவ்வேளையில் 16670ஆம் இலக்கக் கைதி வரிசையை விட்டு வெளியே வந்தார். 47 வயதான, நோயால் நலிந்த கொல்பே சுவாமியார் அவர். அனுமதியின்றி ஓர் அடி எடுத்து வைப்பவன் அவ்விடத்திலேயே சுடப்படலாம். தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்றும், மனைவி மக்கள் உள்ள அந்த மனிதருக்குப் பதிலாகத் தாம் சாக விரும்புவதாகவும் அவர் அமைதியாகக் கூறினார். கொடியவனான அந்த அதிகாரியும் இதற்கு இணங்கினான். கயோவ்னிசெக் மீண்டும் வரிசைக்கு அனுப்பப்பட்டார். தமக்காகச் சாகப் போகின்றவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவும் அவருக்கு வாய்ப்பில்லை. கண்களால் மட்டுமே சொல்ல முடிந்தது.

11ஆம் இலக்கக் கட்டடத்தின் நிலவறையிலே, உணவும் தண்ணீரும் இன்றி அந்தப் பத்துப்பேரும் அடைக்கப்பட்டனர். அங்கிருந்து செபமும் மாதா பாடல்களும் கேட்டன. இரு கிழமைகளின் பின் உயிரோடு எஞ்சியிருந்த நால்வரில் கொல்பே சுவாமியாரும் ஒருவர். ஆகஸ்ட் 14ஆம் நாள் நச்சு ஊசி ஏற்றி அவர்களையும் கொன்றனர். மறுநாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளிலே, அவருடைய உடல் எரிக்கப்பட்டது.

கயோவ்னிசெக் பிழைத்தார். ஆனால் அந்த உயிர் அவருக்குப் பெரும் பாரமாக இருந்தது. தம்மைக் காத்துக்கொள்ள இன்னொருவரைச் சாகக் கொடுத்துவிட்டோமே என்னும் எண்ணம் நெடுங்காலம் அவரை வாட்டியது. மேலும் மூன்று ஆண்டுகள் அவுஸ்விற்சிலும், பின்னர் சாக்சன்ஹவுசன் முகாமிலும் கழிந்தன. 1945இல் போர் முடிந்து விடுதலை பெற்றவர், ஹெலேனாவைத் தேடிக் கண்டடைந்தார். ஆனால் எந்தப் பிள்ளைகளுக்காக அன்று அலறினாரோ, அந்தப் பிள்ளைகள் இருவரும் அவ்வாண்டு தொடக்கத்திலே நிகழ்ந்த சோவியத் குண்டுவீச்சில் மாண்டு போயிருந்தனர்.

இங்கே நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. பிள்ளைகளிடம் தகப்பன் திரும்பிப் போகவேண்டும் என்பதற்காக ஒரு குரு உயிரைக் கொடுத்தார். தகப்பன் திரும்பி வந்தபோது பிள்ளைகள் இல்லை. அப்படியானால் அந்தப் பலி வீணானதா?

உலகக் கணக்கின்படி பார்த்தால் அவ்வாறே தோன்றும். ஆனால் கொல்பே சுவாமியார் பலனைக் கணக்கிட்டு உயிரைக் கொடுக்கவில்லை. முன்னே நின்று அழுத ஒரு மனிதனை நேசித்தார், அவ்வளவே. பசிச்சாவுக்குச் சென்ற ஏனைய ஒன்பது பேருக்கும் கடைசிவரை ஆறுதலாக ஒரு குருவானவர் இருந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஹெலேனாவும் தனித்துவிடப்படவில்லை. 1977இல் அவர் இறக்கும் வரை கணவர் அவருக்குத் துணையாயிருந்தார்.

போருக்கு முன் ஜேர்மனிக்குரியதாயிருந்து, 1945இல் போலந்தின் வசமான பிஷெக் என்னும் நகரிலே கயோவ்னிசெக் வாழ்ந்தார். நாளடைவில் தம் பாரத்தை ஒரு கடமையாக மாற்றிக்கொண்டார். அழைத்த இடமெல்லாம் சென்று, கடல் கடந்த நாடுகளிலும், கொல்பே சுவாமியார் செய்ததை எடுத்துரைத்தார். 1971 ஒக்டோபர் 17ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோதும், 1982 ஒக்டோபர் 10ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தியபோதும், உரோமையில் கூடியிருந்தோர் நடுவே, மீட்கப்பட்ட அந்த மனிதரும் இருந்தார்.

1995 மார்ச் 13ஆம் நாள், தம் 93ஆவது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1927இல் கொல்பே சுவாமியார் நிறுவிய நியெப்பொகலானுவ் துறவற மடத்துச் சேமக்காலையில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். சாம்பலாக்கப்பட்ட புனிதருக்குக் கல்லறை இல்லை. அவர் காப்பாற்றிய மனிதரோ அவருடைய இல்லத்திலே துயில்கின்றார்.

போரிலே தப்பியவர்கள் பலருடைய நெஞ்சில், அவர்கள் போக நான் ஏன் இருக்கின்றேன் என்னும் கேள்வி ஆறாத புண்ணாக இருப்பதுண்டு. கயோவ்னிசெக்கின் வாழ்வு அதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை; வழியொன்றைக் காட்டுகின்றது. மீந்த நாட்களை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், தம்மை நேசித்தவருக்குச் சாட்சியாகச் செலவிட்டார். கல்வாரியிலே நமக்காகவும் ஒருவர் உயிரைக் கொடுத்திருக்கின்றார். இன்னொருவர் கொடுத்த உயிரால் வாழ்பவர்களே நாம் அனைவரும். அந்த உயிரைக் கொண்டு நாம் என்ன செய்கின்றோம் என்பதை இத்திருநாளிலே சிந்திப்போமாக.