விதையின் கதை சொன்ன விஞ்ஞானி

பிள்ளைகளே, பாஸ்கா விடுமுறைக்கு முதல் ஈரப் பஞ்சில கார்சே விதை போட்டது ஞாபகம் இருக்கா? முதல் நாள் ஒண்டும் தெரியாது. பிறகு விதை கொஞ்சம் ஊதும். அடுத்ததாய் ஒரு வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். ஒரு கிழமை போக, யன்னலோரம் பச்சைக் கீரை நிக்கும்! பஞ்சில மண்ணே இல்லை. அப்ப அந்த விதையை எழுப்பினது யார்?

இப்படிப்பட்ட கேள்விகளை வாழ்நாள் முழுவதும் கேட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பாடம். அவர் பெயர் ஜகதீஷ் சந்திர போஸ்.

வங்காளத்துச் சிறுவன்

ஜகதீஷ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி வங்காளத்தில் பிறந்தார். அவர் பிறந்த இடம் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. அப்பா பகவான் சந்திர போஸ் ஓர் அரசாங்க அதிகாரி. அப்போது இந்தியாவை ஆங்கிலேயர் ஆண்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் ஜகதீஷின் அப்பா மகனை வங்காள மொழிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பிள்ளை முதலில் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிய வேண்டும், ஆங்கிலத்தைப் பிறகு படிக்கலாம் என்று அவர் நினைத்தார்.

வகுப்பில் ஜகதீஷுக்கு ஒரு பக்கத்தில் அப்பாவிடம் வேலை செய்தவரின் மகன் இருந்தான். மறுபக்கத்தில் ஒரு மீனவரின் மகன் இருந்தான். அவர்கள் பறவைகள், மிருகங்கள், தண்ணீரில் வாழும் உயிர்கள் பற்றிக் கதை கதையாய்ச் சொல்வார்கள். ஜகதீஷ் ஆசையோடு கேட்பார். நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், அம்மா எல்லாருக்கும் வேறுபாடு இல்லாமல் சாப்பாடு கொடுப்பார். இயற்கை மீது ஜகதீஷுக்கு இருந்த ஆசை அந்த வகுப்பில்தான் முளைவிட்டது.

சம்பளம் வாங்காத ஆசிரியர்

வளர்ந்ததும் ஜகதீஷ் இங்கிலாந்துக்குப் போய் கேம்பிரிட்ஜில் படித்தார். 1885இல் கல்கத்தாவில் உள்ள பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியர் ஆனார். அங்கே இந்திய ஆசிரியர்களுக்கு ஆங்கிலேயரை விடக் குறைந்த சம்பளம். இது நியாயம் இல்லை என்று ஜகதீஷ் நினைத்தார். அதனால் மூன்று வருடம் சம்பளமே வாங்கவில்லை. ஆனாலும் படிப்பிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் அந்த மூன்று வருடத்துக்கும் சேர்த்து முழுச் சம்பளமும் கிடைத்தது.

1887இல் அவர் அபலாவைத் திருமணம் செய்தார். அபலா சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். கஷ்ட காலத்திலும் கணவருக்குத் துணையாக நின்றார்.

மொட்டு என்ற இதழ்

ஜகதீஷ் முதலில் கண்ணுக்குத் தெரியாத மின் அலைகளை ஆராய்ந்தார். அந்த அலைகளால் தூரத்தில் இருந்த ஒரு மணியை ஒலிக்கச் செய்தார். இடையில் சுவர் இருந்தும் மணி அடித்தது! பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள்.

அதே காலத்தில் அவர் இன்னொரு வேலையும் செய்தார். 1895இல் வங்காளத்தில் 'முகுல்' என்ற சிறுவர் இதழ் தொடங்கியது. முகுல் என்றால் மொட்டு. அந்த இதழில் ஜகதீஷ் செடிகளைப் பற்றி எழுதினார். பெரிய விஞ்ஞானி சின்னப் பிள்ளைகளுக்காக எழுதினார். அதுவும் வங்காள மொழியில் எழுதினார்.

விதைக்குள் ஒரு குட்டிச் செடி தூங்குகிறது என்று அவர் விளக்கினார். விதையின் தடித்த தோல் அதற்குப் போர்வை போன்றது. சூடும் தண்ணீரும் கிடைக்கும்போது அது கண் விழிக்கும். பழம் தின்னும் பறவைகள் விதைகளைத் தூர இடங்களுக்குக் கொண்டுபோகும். இலவங்காய் வெயிலில் வெடித்தால், பஞ்சோடு விதையும் காற்றில் பறக்கும். சின்ன வயதில் அவரும் அந்த விதைகளைப் பிடிக்க ஓடியவர்தான்.

புருசெத்தில இலவ மரம் இல்லை. ஆனா வசந்த காலத்தில புல்வெளி முழுக்க மஞ்சள் பூ பூக்கும் இல்லையா? அந்தப் பூ காய்ஞ்சு வெள்ளைப் பஞ்சு ஆகும். அதை ஊதி விளையாடுவீங்கள். நீங்கள் ஊதிப் பறக்கவிடுறதும் விதைதான்!

வளர்ச்சியைப் பார்க்கும் கருவி

ஒரு செடி வளர்வதை நாங்கள் கண்ணால் பார்க்க முடியாது. நத்தை கூட அதைவிட எவ்வளவோ வேகமாகப் போகும். ஆனால் ஜகதீஷ் அதைப் பார்க்க விரும்பினார். அதற்காக ஒரு கருவி செய்தார். அதன் பெயர் கிரெஸ்கோகிராஃப். அது செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாகக் காட்டியது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் துண்டாக்கி, அதில் ஒரு துண்டு அளவு செடி வளர்ந்தாலும், கருவியில் ஒரு சென்ரிமீற்றராகத் தெரியும்.

குளிரில் செடியின் வளர்ச்சி குறைவதை அந்தக் கருவி காட்டியது. இளஞ்சூட்டில் வளர்ச்சி கூடியது. நஞ்சு பட்டால் வளர்ச்சி நின்றது. தொட்டாற்சிணுங்கியையும் அவர் ஆராய்ந்தார். தொட்டதும் அதன் உள்ளே மின்சாரச் செய்தி ஓடுவதைக் கண்டார்.

1901இல் லண்டனில் இப்படியான சோதனைகளைச் செய்து காட்டினார். சில அறிஞர்கள் நம்பவில்லை. அவர் எழுதிய கட்டுரையை அங்கே அச்சிடவும் இல்லை. ஜகதீஷ் சோர்ந்து போகவில்லை. திரும்பத் திரும்பச் சோதித்தார். 1917இல், தன் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920இல் லண்டன் அறிஞர்களின் சங்கம் அவரைத் தன் உறுப்பினர் ஆக்கியது.

அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய விஞ்ஞானிகள் ஏற்பதில்லை. செடிக்கு எங்களைப் போல மூளை இல்லை. ஆனால் செடிக்குள் மின்சாரச் செய்தி ஓடுகிறது என்பது உண்மை.

1921இல் தன் வங்காளக் கட்டுரைகளைச் சேர்த்து ஒரு புத்தகம் ஆக்கினார். பிள்ளைகளுக்குச் சொன்ன செடிகளின் கதையும் அதில் இருக்கிறது. 1937 நவம்பர் 23ஆம் திகதி ஜகதீஷ் காலமானார். வங்காளப் பிள்ளைகள் அவருடைய கட்டுரையை இன்றும் தங்கள் மொழியில் படிக்கிறார்கள்.

செய்து பார்ப்போம்

மூன்று கிளாஸ் எடுங்கோ. ஒவ்வொன்றிலும் பஞ்சும் பத்துப் பயறும் போடுங்கோ.

1. முதல் கிளாசில் தண்ணீர் தெளித்து, சூடான அறையில் வையுங்கோ.
2. இரண்டாவதில் தண்ணீர் விடாமல், அதே அறையில் வையுங்கோ.
3. மூன்றாவதில் தண்ணீர் தெளித்து, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கோ.

ஏழு நாள் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் அளந்து, கண்டதைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கோ. பிறகு அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ ரெலிபோன் எடுத்து, உங்கட விதையின் கதையைச் சொல்லுங்கோ. அவையிட தோட்டத்துக் கதையையும் கேளுங்கோ.

விடை சொல்வோம்

1. ஜகதீஷின் அப்பா ஏன் அவரை வங்காள மொழிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்?
2. விதை கண் விழிக்க என்னென்ன வேணும்?
3. உங்களை நம்பாதவர்களுக்கு ஒரு விஷயத்தை எப்படிக் காட்டுவீங்கள்?