ரேச்சல் கார்சன்: புற்றுநோயை மறைத்தபடி உலகை எச்சரித்தவர், வளர்ப்பு மகனுக்காகக் கேட்கத் தயங்கிய ஒரு கேள்வி

1963 ஜூன் 4. வாஷிங்டனில் அமெரிக்க செனட் துணைக்குழு முன்பு ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். பூச்சிக்கொல்லி மருந்துகளைக் கண்மூடித்தனமாகத் தெளித்தால் என்ன ஆகும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். அவர் தலையில் இருந்தது விக் என்பதோ, மார்பகப் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது என்பதோ அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. வீட்டில் அவரை நம்பி 11 வயதுப் பையன் ஒருவன் இருந்தான்.

அந்தப் பெண் ரேச்சல் கார்சன். தமிழில் 'மௌன வசந்தம்' என்று அறியப்படும் 'சைலன்ட் ஸ்பிரிங்' நூலை எழுதியவர்.

யார் அந்தப் பையன்?

பெயர் ரோஜர். கார்சனின் அக்கா மகளுக்குப் பிறந்தவன். முறைக்குப் பார்த்தால் பேரன்.

1907-ல் பென்சில்வேனியாவில் பிறந்த கார்சன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனா குடும்பச் சுமை அவரை விடவில்லை. 1937-ல் அக்கா இறந்தபோது, அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளையும் கார்சனும் அவரது தாயாரும்தான் வளர்த்தார்கள். 1957 தொடக்கத்தில் அந்தப் பெண்களில் ஒருவரும் இறந்துபோக, அவருடைய மகன் ரோஜர் தனியானான். அப்போது அவனுக்கு 5 வயதுகூட நிறையவில்லை. 49 வயது கார்சன் அவனைத் தத்தெடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் கார்சனின் தாயாரும் காலமானார். இரண்டே ஆண்டுக்குள் அந்த வீட்டில் இரண்டு சாவு.

நோய் எப்போது தெரிந்தது?

1960 வசந்த காலத்தில் கார்சனுக்கு மார்பகத்தை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. அது புற்றுநோய்தான் என்று மருத்துவர் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பெண் நோயாளிகளிடம் உண்மையை மறைப்பது சகஜம். ஆண்டு இறுதியில் நோய் பரவியது தெரிந்த பிறகுதான், கிளீவ்லேண்டில் இருந்த மருத்துவர் ஜார்ஜ் கிரைலிடம் போய் முழு உண்மையையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பிறகு கதிர்வீச்சு சிகிச்சை. நடுவில் மூட்டு வீக்கம், கண் அழற்சி. நடக்க முடியாத நாட்கள், படிக்க முடியாத வாரங்கள். இத்தனைக்கும் நடுவில் புத்தகத்தை முடித்தார். 1962 செப்டம்பரில் அது வெளிவந்தது.

ஏன் மறைத்தார்?

காரணம் இருந்தது. ரசாயனங்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தார். தனக்கே புற்றுநோய் என்று தெரிந்தால், சொந்த வேதனையில் எழுதிவிட்டார் என்று ரசாயன நிறுவனங்கள் அதை ஒதுக்கித் தள்ளும் என்று பயந்தார். நெருங்கிய சிலரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. வெளியே கேட்டவர்களுக்கு மூட்டுவலி என்று பதில்.

வெளியுலகத்திடம் மறைக்கலாம். ஆனா ஒரே வீட்டில் இருக்கும் குழந்தையிடம் எவ்வளவு நாள் மறைக்க முடியும்? அம்மா படுத்தே கிடப்பதும், அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அவன் கண்ணில் படாமலா இருக்கும்?

குழந்தைகள் மனதில் என்ன நடக்கும்?

புற்றுநோய் உள்ள பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றி இன்றைய மருத்துவர்கள் சொல்வது இதுதான். பெரியவர்கள் பேசாமல் விட்டால், குழந்தை தானாக ஒரு கதையை ஜோடித்துக்கொள்ளும். பல நேரம் அது நிஜத்தைவிட பயங்கரமாக இருக்கும். தான் குறும்பு செய்ததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆச்சு என்று நினைக்கும் சிறு குழந்தைகள் உண்டு. சிலருக்கு வயிற்றுவலி, தூக்கமின்மை. சிலர் மறுபடி படுக்கையை நனைப்பார்கள், பள்ளிக்கூடம் போக மறுப்பார்கள். வளர்ந்த பிள்ளைகள் வாயே திறக்காமல் இருக்கலாம், காரணமில்லாமல் எரிந்து விழலாம், வீட்டுப் பொறுப்பை எல்லாம் தலையில் போட்டுக்கொள்ளலாம்.

அதனால் நோயின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது. இது தொற்றாது, உன்னால் வந்தது இல்லை என்று வயதுக்கேற்ற வார்த்தைகளில் விளக்க வேண்டும். அம்மா முடியாமல் இருக்கும் நாட்களில் யார் சாப்பாடு தருவார்கள், யார் பள்ளிக்குக் கூட்டிப்போவார்கள் என்பதும் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்காமல் விட்ட கேள்வி

தனக்குப் பின் ரோஜரை யார் பார்த்துக்கொள்வார்கள்? கடைசி நாட்களில் கார்சனை வாட்டிய கவலை இதுதான். பெரிய ரசாயன நிறுவனங்களை எதிர்த்து நின்றவர், இந்த ஒரு கேள்வியை மட்டும் வாய்விட்டுக் கேட்க முடியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். உயிலில் இரண்டு நண்பர் குடும்பங்களைக் குறிப்பிட்டார். ஆனா அவர்களிடம் முன்கூட்டியே பேசவில்லை. அதைக் கேட்பது, தான் சாகப்போவதை ஒத்துக்கொள்வது மாதிரி. எந்தத் தாய்க்கும் அது லேசான காரியம் இல்லை.

1964 ஏப்ரல் 14-ல், 56 வயதில் கார்சன் இறந்தார். ரோஜருக்கு 12 வயது. உயிலில் இருந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று, கார்சனின் பதிப்பாசிரியர் பால் புரூக்ஸின் குடும்பம். அவர்கள் அவனைத் தங்கள் பிள்ளையாக ஏற்று வளர்த்தார்கள்.

1972-ல் அமெரிக்கா விவசாயத்தில் டிடிடி-க்குத் தடை போட்டது. அதற்கு வழிவகுத்தது அவருடைய புத்தகம் என்று உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

அவருடைய இன்னொரு புத்தகம் 1965-ல், அவர் இறந்த பிறகு வந்தது. குழந்தை ரோஜரைத் தூக்கிக்கொண்டு மழை இரவில் கடற்கரைக்குப் போனது, இருவரும் சேர்ந்து அலையின் இரைச்சலை ரசித்தது பற்றி 1956-ல் எழுதிய கட்டுரைதான் அது. ஒரு குழந்தைக்கு இயற்கையின் அதிசயத்தைக் காட்ட, கூடவே இருக்கும் பெரியவர் ஒருவர் போதும் என்பதே அதன் சாரம். பயமான நாட்களுக்கும் அது பொருந்தும்.