சூரியனின் புதிரை கல்கத்தாவில் உட்கார்ந்து தீர்த்தவர்... யார் இந்த மேக்நாத் சாஹா?

கத்திரி வெயில் வந்துவிட்டால் செம்பாக்கம், தாம்பரம் பக்கம் எல்லோர் பேச்சிலும் ஒரே கேள்விதான்: இன்னைக்கு எத்தனை டிகிரி? மீனம்பாக்கத்தில் 40 டிகிரி செல்சியஸ் என்றால் நமக்குப் புரிகிறது. ஆனால் அந்த 40 என்பது உண்மையில் எதன் அளவு? இதைப் பிடித்துக்கொண்டு நட்சத்திரங்கள் வரை போனவர் மேக்நாத் சாஹா.

மளிகைக் கடை வீட்டுப் பிள்ளை

1893 அக்டோபர் 6-ம் தேதி, டாக்கா அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார் சாஹா. அப்பா வைத்திருந்தது சின்ன கடை. ஆரம்பப் பள்ளி முடிந்ததும் பையன் கடையில் உட்கார்ந்தால் போதும் என்பதே வீட்டு நிலைமை. மேலே படிக்க வேறு ஊருக்குப் போக வேண்டும். அங்கிருந்த டாக்டர் ஒருவர் தன் வீட்டில் தங்க வைத்ததால்தான் படிப்பு தொடர்ந்தது.

1905-ல் வங்கப் பிரிவினை. ஆங்கிலேய கவர்னரின் வருகையை எதிர்த்த மாணவர்களில் சாஹாவும் ஒருவர். விளைவு, பள்ளியை விட்டு நீக்கம். ஸ்காலர்ஷிப்பும் போச்சு. வேறொரு பள்ளி சேர்த்துக்கொண்டது.

1911-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. ஜெகதீஷ் சந்திர போஸும், பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். சத்யேந்திர நாத் போஸ் வகுப்புத் தோழர். ஆனால் ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில், சாஹாவின் சாதியைக் காரணம் காட்டி அவரோடு உட்கார்ந்து சாப்பிட சில மாணவர்கள் மறுத்தார்கள். அந்தக் காயம் கடைசிவரை அவரை விடவில்லை.

வெப்பநிலை என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, காற்றில் உள்ள அணுக்களும் மூலக்கூறுகளும் சும்மா இருப்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்த ஓட்டத்தின் சராசரி ஆற்றலைத்தான் வெப்பநிலை காட்டுகிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதன் பெயர் என்ட்ரோபி. ஒரு பொருளில் உள்ள துகள்களும் ஆற்றலும் எத்தனை விதமாகப் பரவி இருக்க முடியும் என்பதன் அளவு அது. பையில் பத்து ரூபாய் வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் கொடுத்தால் பெரிய மாற்றம். லட்சாதிபதிக்குக் கொடுத்தால் அவருக்குத் தெரியக்கூட தெரியாது. அதேபோல, ஒரே அளவு வெப்பம் குளிர்ந்த பொருளுக்குப் போனால் என்ட்ரோபி அதிகம் கூடும், சூடான பொருளுக்குப் போனால் கொஞ்சம்தான் கூடும். மொத்த என்ட்ரோபி கூடும் திசையிலேயே இயற்கை நகர்வதால், சூடான டீ தானாக ஆறுகிறது. ஆறின டீ தானாகச் சூடாவதில்லை.

சாஹா பிடித்த முடிச்சு

சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் இருந்தது. சூரியனின் மேல் அடுக்கில், எலக்ட்ரானை இழந்த கால்சியம் அயனி நிறையத் தெரிந்தது. சூரியப் பரப்பின் வெப்பநிலை சுமார் 6,000 கெல்வின். ஆனால் கால்சியத்திலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிய்க்க, அந்தச் சூட்டில் ஒரு துகளுக்கு இருக்கும் சராசரி ஆற்றலைப் போல ஏறக்குறைய 8 மடங்கு வேண்டும். அப்புறம் எப்படி?

1920-ல் சாஹா பதில் சொன்னார். ஆற்றலை மட்டும் பார்த்தால் கணக்கு சரிவராது, என்ட்ரோபியையும் சேர்க்க வேண்டும். சூரியனின் மேல் அடுக்கில் அழுத்தம் மிகக் குறைவு. பிரிந்த எலக்ட்ரானுக்கு அலைய ஏகப்பட்ட இடம். திரும்பி வந்து ஒட்டிக்கொள்ள இன்னொரு அயனி கிடைப்பது கஷ்டம். அதனால் பிரிந்தவை பிரிந்தே இருக்கின்றன. வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால் எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும் என்று சொல்லிவிடலாம். இதுதான் சாஹா சமன்பாடு.

இது ஏன் முக்கியம்?

நட்சத்திரங்களின் ஒளியை வைத்து ஹார்வர்டில் ஏற்கெனவே வகை பிரித்து வைத்திருந்தார்கள். அந்த வகைகளுக்கு முக்கியக் காரணம் வெப்பநிலை என்பதை சாஹாவின் கணக்கு காட்டியது. அதாவது, தொட முடியாத நட்சத்திரத்துக்கும் தெர்மாமீட்டர் கிடைத்தது! இதே சமன்பாட்டைப் பயன்படுத்தித்தான் 1925-ல் சிசிலியா பெய்ன், நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்ற முடிவுக்கு வந்தார்.

லேப்பிலிருந்து நாடாளுமன்றம் வரை

1923-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. 1938-ல் கல்கத்தா திரும்பி, அணு இயற்பியலுக்கென ஒரு நிறுவனத்தைக் கட்டினார். இன்று அது அவர் பெயரிலேயே இயங்குகிறது.

வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவது, நதிநீர்த் திட்டம், தொழில் வளர்ச்சி என அரசோடு தொடர்ந்து மல்லுக்கட்டியவர், சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவைத் தேர்தலில் கல்கத்தாவில் காங்கிரஸை எதிர்த்து நின்று ஜெயித்தார். நாட்டுக்குப் பொதுவான நாள்காட்டியை உருவாக்கும் குழுவுக்கும் அவரே தலைவர்.

1956 பிப்ரவரி 16. டெல்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் சரிந்தார். வயது 62. அவர் குழு பரிந்துரைத்த சக ஆண்டு தேசிய நாள்காட்டி 1957 மார்ச் 22-ல் நடைமுறைக்கு வந்தபோது, பார்க்க அவர் இல்லை. மத்திய அரசின் கெசட்டில் இன்றும் ஆங்கிலத் தேதியோடு சக ஆண்டுத் தேதியும் அச்சாகிறது.